மூன்று ரகக் கிழங்கும் மாமியார் ஊரும்

செத்தாலும் மாமியார் ஊருக்கு மாற்றலாகிப் போவதில்லை என்று சபதம் எடுத்தேன். குளியலறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.

நான் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறேன். இந்த ஊர்க் களிமண்ணில் எந்தப் புது ரகம் தேறும் என்று பார்க்க, மூன்று ரகத்தை என் வீட்டுக் கொல்லையில் நடச் சொன்னார் பெரிய அதிகாரி. ஒன்றாவது தேறினால் சோதனை இங்கேயே தொடரும், நானும் இங்கேயே. எல்லாம் அழுகினால் சோதனை மாமியார் ஊருக்குப் போகும், பின்னாலேயே நானும். அங்கே மாமியாரோடு மூன்று மச்சான்கள் வேறு. என்னைத் திருத்துவதுதான் நால்வருக்கும் பொழுதுபோக்கு.

என்னைப் பார்த்தாலே செடி வாடும். பயிர் வளர்க்கிற கை என் மனைவிக்குத்தான். உண்மை தெரிந்தால் செடிக்கு வெந்நீர் ஊற்றிவிடுவாள். அதனால் தலைகீழாகச் சொன்னேன்.

"பயிர் தேறினா உங்க அம்மா ஊருக்கு மாத்தல் கிடைக்குமாம்."

"நிஜமாவா?"

"உன் தலை மேல சத்தியம்!"

"ஏன், உங்க தலைக்கு என்ன ஆச்சு?"

மறுநாளே மண்வெட்டியை எடுத்துவிட்டாள். மண் அணைத்தாள். தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டினாள். இலை இலையாகப் பூச்சி பொறுக்கினாள். கிழங்குக்கு ராஜ உபசாரம், எனக்கு ஆறிப்போன சாப்பாடு.

மூன்று மாதம் கழித்து, அதிகாரி வந்து நிற்க, தோண்டினோம். இரண்டு ரகம் அழுகல். மூன்றாவது கொத்துக் கொத்தாக வந்தது. அதிகாரி ஒரு கிழங்கை உருட்டிப் பார்த்து, "அருமை!" என்று என் வயிற்றில் பால் வார்த்தார்.

டீயோடு வந்தாள் மனைவி. "ஐயா, எங்க அம்மா ஊருக்கு எப்போ மாத்தல்? பயிர் தேறினா கிடைக்கும்னு என் தலை மேல சத்தியம் பண்ணினாரே!"

அதிகாரி என்னைப் பார்த்தார். "அந்த ஊர்ல அவ்வளவு ஆசையா உங்களுக்கு?"

இல்லை என்றால் பொய்ச் சத்தியம் செய்தவன் ஆவேன், அதுவும் அவள் தலை மேல்.

"ஆமாங்க" என்றேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"முன்னாடியே கேட்டிருக்கலாமே! நாளைக்கே ஆர்டர் போட்டுடறேன்."

அவர் போனதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையே வந்துவிட்டது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தேறினா நாம இங்கேயேதான்னு ஐயாவோட சம்சாரம், கிழங்கு நட்ட அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டாங்க."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்கு இப்படி உழைச்சே?"

"தோத்துப்போன மாப்பிள்ளையை எங்க அம்மா முன்னால கொண்டுபோய் நிறுத்த முடியுமா?" கை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "கண்ணைத் துடைங்க. நம்ம சாமானை ஏத்த எங்க அண்ணனுங்க மூணு பேரும் காலையிலேயே லாரியோட கிளம்பிட்டாங்க."