கோடி வரை எண்ணும் நாலு வரி

கல்லாவில் இருந்தவள் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பதற்கு விலை, நாலு வரி புரோகிராம். கம்ப்யூட்டர்காரன் பேரமே பேசவில்லை.

ஜவுளிக்கடைக்கு பில் போடும் புரோகிராமை எழுதியவன் அவன்தான். கல்லாவில் இருந்தவள் முதலாளியின் மகள். புரோகிராம் ஒழுங்காக ஓடினால் அவனை யார் கூப்பிடுவார்கள்? அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் ஒன்றிலிருந்து கோடி வரை எண்ணிவிட்டு, எண்ணியதை அப்படியே மறந்துபோகும் நாலு வரியை நடுவில் செருகிவைத்தான். பில் நொண்டியது. வாரம் தவறாமல் அழைப்பு வந்தது.

இன்று முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, புரோகிராம்ல எந்தப் பகுதி கம்ப்யூட்டர் நேரத்தை எவ்வளவு தின்னுதுன்னு அளக்கலாமாமே? அளந்து காட்டுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

"அதுக்கென்ன முதலாளி..." என்று இழுத்தான். அளந்தால் குட்டு உடையும். அளக்காவிட்டால் கல்லாவுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அவர் போன் பேச எழுந்த நேரம் பார்த்து, நாலு வரியைத் தள்ளுபடிக் கணக்குப் போடும் பகுதிக்குள் ஒளித்துவிட்டு அளந்தான்.

திரும்பி வந்தவர் திரையைப் பார்த்தார். "தள்ளுபடியே முக்கால்வாசி தின்னுதா? தூக்குங்க தள்ளுபடியை!"

தள்ளுபடி போனதும் வரிசையில் நின்றவர்கள் கொதித்துப்போனார்கள். பதறியவன், எல்லாப் பகுதிக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைப்பதாக நினைத்து, நாலு வரியையும் முழுசாக எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டான். பில் அடியோடு நின்றது.

"ஏம்மா, துணி கிழிஞ்சப்புறம்தான் பில் வருமா?" என்றார் வரிசையில் ஒருவர்.

மகள் குனிந்து சிரித்தாள்.

வேறு வழியில்லை. அந்த நாலு வரியை எல்லா இடத்திலிருந்தும் துடைத்து அழித்தான். தள்ளுபடி திரும்பியது. பில் சீறிக்கொண்டு வந்தது.

"பலே! இனிமே நீங்க இந்தப் பக்கமே வரவேண்டாம்," என்று முதுகில் தட்டினார் முதலாளி.

தொங்கிய முகத்தோடு பையை எடுத்தான்.

மூலையில் துணி அளந்துகொண்டிருந்த முதலாளியின் மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: "நில்லுங்க தம்பி. அளக்கச் சொல்லிக் கிளப்பிவிட்டதே நான்தான். மூணு மாசமா நானும் இங்கேருந்து அளந்துட்டுத்தான் இருக்கேன். வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க. உங்க நேரத்துல கம்ப்யூட்டருக்குப் பத்து, கல்லாவுக்குத் தொண்ணூறு. அவ நேரத்துல கல்லாவுக்குப் பத்து, உங்களுக்குத் தொண்ணூறு. ரெண்டு பக்கமும் கணக்கு நேர்."