எக்ஸ்ரே அண்ணனின் செவ்வாய்க்கிழமைகள்

மலேசியாவின் கேமரன் மலையில் இருந்த எல்லா வலியும் எக்ஸ்ரே அண்ணன் உடம்பில் கொஞ்சநாள் தங்கிவிட்டுத்தான் மற்றவர்களிடம் போகும். எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிரசர். அதாவது, டாக்டர் வராத நாளெல்லாம் டாக்டர். அண்ணன் தொழிற்சாலையில் தேயிலை உருட்டும் மெஷினைப் பார்த்துக்கொண்டவர். எது வலித்தாலும் படம் எடுக்கச் சொல்வார். விக்கலுக்கே கேட்டவர்.

வலி ஓரிடத்தில் நிற்காது. காலையில் முழங்காலில் ஏறி, மத்தியானம் முதுகைத் தொட்டு, சாயங்காலம் பிடரியில் இறங்கும். ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எல்லாம் பார்த்தாயிற்று. மாதம் ஒருமுறை வரும் டாக்டர், ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அண்ணன் நேராக என் அறைக்கு வந்தார். முகம் செத்திருந்தது.

"ஒண்ணுமில்லன்னா, நான் பொய்யா சொல்றேன் தம்பி?"

"வலி நெசந்தாண்ணே. படத்துல விழற வலி இல்ல, அவ்வளவுதான்."

பிறகு ஓர் ஏற்பாடு சொன்னேன். செவ்வாய்க்கிழமைதோறும் வர வேண்டும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். தலை முதல் கால்வரை நான் தொட்டுப் பார்ப்பேன். படம் வேண்டுமா என்பதை நான்தான் முடிவு செய்வேன். வலி இல்லாமல் வந்தால் திட்ட மாட்டீர்களே என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

செவ்வாய்க்கிழமை வந்தால் எண்ணெய் வைத்துத் தலைசீவி, தேய்த்த சட்டைமேல் ஸ்வெட்டர் மாட்டி வருவார். வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் வலிகளை வாசிப்பார். நாளாக ஆக வலிச்செய்தி குறைந்து ஊர்ச்செய்தி கூடியது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மகன் ஒரு வார்த்தைகூடச் சொல்லியனுப்பவில்லை என்பதும் அப்படித்தான் வெளியே வந்தது. வீட்டில் முனகலே இல்லை என்றார் அவர் மனைவி. "செவ்வாக்கெழம டிரசர்கிட்ட சொல்லிக்கிறேன்னு வலிய எடுத்து வச்சிக்கிறாரு லா."

ஒரு வெள்ளிக்கிழமை வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தலை சீவவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே பண்ணுது?"

"தெரியல தம்பி."

அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. படமும் கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அடிவயிற்றின் வலதுபக்கம் தொட்டதும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

லோரி கேட்டு ஆபீசுக்கு ஓடினேன். அங்கே கணக்கெழுதும் கிராணி சிரித்தார், எக்ஸ்ரேக்கு இது வழக்கம்தானே, கோபிஸ் காய் ஏற்றப் போகும் வண்டியை இதற்கா அனுப்புவது என்றார். இது அவருடைய பழைய வலி இல்லை, தப்பாகப் போனால் தோட்டத் துரையிடம் நான் பதில் சொல்கிறேன் என்றேன். வண்டி கிடைத்தது. மலையிறங்கும் ஒவ்வொரு வளைவிலும் அவர் மனைவி ஒருபக்கமும் நான் ஒருபக்கமுமாகப் பிடித்துக்கொண்டோம். கீழே ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். உடனே அறுத்து எடுத்தார்கள்.

திரும்பி வந்தவர், கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார். கிராணிக்கு மட்டும் தினமும் காட்டினார். படம் எடுக்காமலே அறுத்துவிட்டார்கள் என்பதுதான் அவருக்குக் குறை.

குடல்வாலோடு மற்ற வலிகளும் போயிருக்குமோ என்று நினைத்தேன். தையல் ஆறிய பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, எண்ணெய்த் தலையோடு வந்து உட்கார்ந்து, இடது தோளில் ஏதோ நகர்கிறது என்று ஆரம்பித்தார். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு அவர் எவ்வளவு நேரம் சொன்னாலும் எனக்குப் போதாது போலிருந்தது.