பெயர் நீக்கிய ஆய்வேடு

பழைய துப்பறியும் நாவல்களைத் திறனாய்வு செய்து முனைவர் பட்டம் வாங்குவதற்காக அவள் ஆறு வருஷம் உயிரைக் கொடுத்து ஆய்வேடு எழுதினாள். மூன்று பேராசிரியர்களிடம் பிரதி கொடுத்தாள். நாலாம் மாதம் அது புத்தகமாகக் கடைக்கு வந்துவிட்டது. அவளுடைய எழுத்துப்பிழைகள் உட்பட ஒரு எழுத்து மாறவில்லை. அட்டையில் மட்டும் யாரோ ஒரு புனைபெயர். அடப்பாவிகளா, பிழையையாவது திருத்தியிருக்கக் கூடாதா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அழுகை வந்தது.

புகார் கொடுத்தாள். மேற்படி விஷயத்தைத் தீர விசாரிக்கப் பல்கலைக்கழகம் உயர்மட்டக் குழு ஒன்றை அமைத்தது. குழுவில் மூன்று பேர். அதே மூன்று பேர்.

"ஐயா, பிரதி உங்ககிட்ட மட்டும்தானே இருந்துச்சு? எடுத்தது யாருன்னு..."

அமைப்பியல் பேராசிரியர் காதைப் பொத்திக்கொண்டார். "யாருன்னு கேக்கறது ரயிலுக்குக் காத்திருக்கும்போது துப்பறியும் நாவல் படிக்கிறவன் கேள்வி. நீ திறனாய்வாளர்மா! திருட்டோட அமைப்பைப் பாரு, என்ன கச்சிதம்!"

மார்க்சியப் பேராசிரியர் பெருமூச்சு விட்டார். "'என்னோட ஆய்வேடு'ங்கறியே, அந்த 'என்னோட'தான் உண்மையான குற்றவாளி."

உளவியல் பேராசிரியர் பரிவோடு பார்த்தார். "ஆறு வருஷமா குற்றக் கதையே படிச்சிருக்கே. உன் அடிமனசு திருட்டுக் கொடுக்க ஏங்கியிருக்கு. போகட்டும், வெக்கப்படாதே."

மூன்றும் அவள் ஆய்வேட்டில் அவளே எழுதிய வாதங்கள். கடைசியாகச் சொன்னது எண்பத்தேழாம் பக்கம்.

பற்றிக்கொண்டு வந்தது. "சரிங்கய்யா, புதுசா ஒரு அத்தியாயம் சேக்கறேன். திருடன் பேரோட!"

மூவரும் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவளுக்கு யார் பெயரும் தெரியாது, சும்மா ஒரு வீம்புக்குச் சொன்னதுதான்.

பத்தே நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது: 'வாசகரின் மலிவான ஆர்வத்தைத் தூண்டும் அத்தியாயத்தைச் சேர்ப்பதில்லை என்ற நிபந்தனையின் பேரில் முனைவர் பட்டம் உடனடியாக வழங்கப்படுகிறது.' அவள் கையெழுத்துப் போட்டாள். வேறென்ன செய்வாள்? அம்மா ஏற்கெனவே சொந்தபந்தம் முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று.

படியிறங்கும்போது அமைப்பியல் பேராசிரியர் ஓரமாகக் கூப்பிட்டார். "உண்மையைச் சொல்லும்மா, என் பேரைத்தானே போட இருந்தே?" வாசலில் மார்க்சியப் பேராசிரியர் அதையே கேட்டார். உளவியல் பேராசிரியர் பஸ் நிறுத்தம் வரை ஓடி வந்து கேட்டார்.

வீட்டில் நுழைந்ததும் அம்மா கேட்டாள், "திருடன் அகப்பட்டானாடி?"

"பட்டம் கிடைச்சிருச்சும்மா" என்றாள் முனைவர்.