பாதியில் நின்ற டிராகனும் நான்காம் எண் போர்ட்டும்

அன்புள்ள மாப்பிள்ளை போ-யுவான் அவர்களுக்கு,

லூகாங்கிலிருந்து மாமனார் லியாவ் எழுதுவது. நீங்களும், என் கடைக்குட்டி யா-ஜுன்னும், அவள் வயிற்றில் இருக்கும் ஆளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், வாசலில் காயும் முள்ளங்கிகூட நலம். எம்பிராய்டரி மெஷின் மட்டும் நலமில்லை. உங்களைப் போனில் பிடிக்கலாமென்றால் சிப் தொழிற்சாலையில் அதை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். நீங்கள் வெளியே வரும் நேரத்தில் நான் தூங்கிவிடுகிறேன். யா-ஜுன்னிடம் சொல்லி நிறைமாதக்காரியைப் பதறவைக்க மனம் வரவில்லை. ஆகவே உங்கள் ஊருக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை காலை மாட்ஸு அம்மன் ஊர்வலம். முன்னால் போகும் சிவப்புக் கொடியில் டிராகன் தைத்துத் தருவதாக ஊரறிய வாக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மன் வேலை ஆயிற்றே, சுத்தமாக ஆரம்பிப்போம் என்று கணினியை அணைத்து, எல்லா வயர்களையும் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, திரும்பச் செருகினேன். பழைய மெஷினின் சீரியல் வயரைப் புதுக் கணினியோடு சேர்க்க நீங்கள் வாங்கித் தந்த அந்த யூஎஸ்பி அடாப்டரையும் கண் போலத் துடைத்துத்தான் செருகினேன். கணினி அடம்பிடிக்காமல் இருக்க அதன் தலையில் வைக்கும் சோளப்பொரிப் பொட்டலத்தையும் புதிதாக மாற்றினேன். கடைக்காரர் மஞ்சள் பொட்டலத்தை நீட்டினார், பச்சை வைத்தால்தானே மெஷின் நிற்காமல் ஓடும் என்று திட்டிவிட்டுப் பச்சையே வாங்கி வந்தேன். ஆகவே அந்தப் பக்கம் குறையே சொல்ல முடியாது. கணினியை மறுபடி போட்டோம். மெஷின் ஓடியது, தலை வந்தது, மீசை வந்தது, முன்னங்கால்கள் வந்தன, அப்புறம் செத்தவன் கைபோல ஊசி நின்றுவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை மாப்பிள்ளை. அடாப்டரைப் பிடுங்கினேன், ஊதினேன், செருகினேன், கணினியை அணைத்துப் போட்டேன், மறுபடி பிடுங்கினேன். தையல் மென்பொருள் மூன்றாம் எண் போர்ட்டைத் தேடித் தேடி 'கருவி இல்லை' என்கிறது. நீங்கள் சொல்லித்தந்த கருவிப் பட்டியலைத் திறந்து பார்த்தால், மூன்று இருந்த இடத்தில் அடாப்டர் தன் பெயருக்குப் பக்கத்தில் வேறொரு எண்ணை மாட்டிக்கொண்டு நிற்கிறது. நம் மொழியில் வாயால் சொன்னால் 'சாவு' என்று காதில் விழுவதால் ஆஸ்பத்திரியில் எந்த மாடிக்கும் அறைக்கும் வைக்காத எண். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் வருவது. புரிந்திருக்கும். மென்பொருளிலும் அதையே தேர்ந்தெடுத்தால் ஓடும் என்று எனக்கும் தெரியும், நான் மடையன் அல்ல. ஆனால் மகள் இன்றோ நாளையோ பிரசவிக்கப் போகும் நேரத்தில், இந்தக் கையால் அந்த எண்ணை எப்படி அமுக்குவேன்? எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கோயில் தலைவர் காவ் வந்து பார்த்துவிட்டு, "லியாவ் அண்ணே, வாலில்லாத டிராகனை முன்னால விட்டா அம்மன் பல்லக்குல ஏறுவாளா, இல்ல நேரா உங்க வீட்டுக்கு இறங்கி வருவாளா?" என்றார். கோயிலுக்கே ஓடி, "அதை அமுக்கலாமா தாயே?" என்று பிறைக்கட்டைகளைப் போட்டுக் கேட்டேன். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தன. அம்மன் சிரிக்கிறாளாம், பதில் கிடையாதாம். மறுபடி போட்டேன், மறுபடி சிரிப்பு. என் கஷ்டம் அவளுக்கு வேடிக்கையாகப் போய்விட்டது.

ஆகவே உடனே லீவு போட்டு வாருங்கள், அல்லது அடாப்டரைப் பழையபடி மூன்றாக்கும் வழியை எழுதி இதே லாரியில் அனுப்புங்கள். யா-ஜுன் நண்டைத் தொடக்கூடாது. அவள் அறையில் ஆணி அடிக்காதீர்கள், கட்டிலை நகர்த்தாதீர்கள். அம்மன் சிரித்து முடித்ததும் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தவிக்கும் மாமனார்,
லியாவ் ஜின்ஷுய்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பட்டறையில் மெஷின் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் டிராகனுக்கு வால் முளைத்துக்கொண்டிருக்கிறது, உங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறாள்.

"என்ன பண்ணினே?"

"நாலை அமுக்கினேன். அன்னைக்கும் நான்தான் அமுக்கினேன். நீங்க ஊதுபத்தி காட்டப் போயிருந்தீங்க. தலை, மீசை, காலு எல்லாம் நாலுலதான் வந்துச்சு. ஓடிட்டிருந்ததை வந்து மூணாக்கினது யாரு?"

நான்தான். திரையில் அந்த எண்ணைக் கண்டதும் கை தானாகப் போய் மூன்றாக்கிவிட்டது. கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்குவதை யாராவது கடிதத்தில் எழுதுவார்களா?

உடனே யா-ஜுன்னுக்குப் போன் போட்டு, "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்றேன். அவள் அம்மா அவளிடம் எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். அவள் சிரித்த சிரிப்பில் பிள்ளை இப்போதே பிறந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. "அப்பா, நானே உங்களுக்கு நாலாவது பிள்ளைதானே? என்னை அது என்ன பண்ணும்?" என்றாள்.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருடத்தில் நான்காவது பிள்ளையால் எனக்கு வந்த ஒரே தொந்தரவு, அந்த அடாப்டரை வாங்கித் தந்த மாப்பிள்ளைதான். லீவு போட வேண்டாம்.