கூரையில்லாத பங்களாவிலிருந்து அக்காவுக்கு

அன்பும் அதிகாரமும் ஒருங்கே உடைய அக்கா அவர்களுக்கு, தம்பி கைகட்டி நின்று எழுதும் மடல்.

இங்கு நான் நலம், முழங்கால் மட்டும் வழக்கம்போல. அங்கு நீங்களும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஏதாவது சரியில்லை என்றால் இதற்குள் போனில் எனக்குத் திட்டு விழுந்திருக்கும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் "அக்கா" என்று சொல்லி மூச்சு விடுவதற்குள் நீங்கள் பேசி முடித்து வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்.

நீங்கள் என்னை என் மகளிடம் எதற்காக அனுப்பினீர்கள் என்பதை மறக்கவில்லை. "பொம்மை வீடு கட்டவா அவளை இன்ஜினியருக்குப் படிக்க வெச்சோம்? போய்க் கையோட கூட்டிக்கிட்டு வா. ஒண்ணாந்தேதி திங்கக்கிழமை உங்க அத்தானோட சிநேகிதர் கம்பெனியில அவ சேரணும்" என்று சொல்லி, வழியில் சாப்பிடப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தீர்கள். அவள் அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிவிட்டு, பாடம் சொல்லிக்கொடுத்து, ஆளாக்கியவர் நீங்கள். உங்கள் பேச்சுக்கு என்னிடம் மறுபேச்சு கிடையாது. எந்தக் காலத்தில்தான் இருந்தது? "கிளம்பு" என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவது என்றுதான் வந்தேன். வந்த இடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள், அதுதான் வினை.

அக்கா, நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் உட்காருங்கள். நம் பெண் வேலை பார்ப்பது நாம் நினைத்ததுபோல ஏதோ ஒரு சீரியலில் இல்லை. தினமும் ஏழு மணிக்கு வாசலில் யார் வந்து நின்றாலும் கதவைத் திறக்காமல் நீங்கள் பார்ப்பீர்களே, அதே சீரியல். எந்தப் பங்களாவைப் பார்த்து "வீடுன்னா இதுதான் வீடு" என்று பெருமூச்சு விடுவீர்களோ, அந்தப் பங்களா அவள் கையால் கட்டியது. "ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "சொல்லிட்டா அத்தைக்கு அதைப் பார்க்கிற சந்தோஷம் போயிடும்பா" என்றாள்.

நான் காலமெல்லாம் கட்டட அனுமதி அலுவலகத்தில் இன்ஸ்பெக்டராகக் குப்பை கொட்டியவன், சுவரைக் கண்டால் தட்டிப் பார்க்காமல் கை நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஷூட்டிங் நடக்கும் இடம் வெளியிலிருந்து பார்த்தால் சிமெண்டுக் கிடங்கு மாதிரி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே போனால் மரச்சட்டம், முட்டு, மணல்மூட்டை, காலில் சிக்கும் வயர், முதுகில் எண் எழுதிய பலகைகள். ஒரு சின்னக் கதவைத் தள்ளினேன். அடேயப்பா! பங்களாவின் நடுக்கூடத்தில் நிற்கிறேன்! ஒரு நிமிடம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன் என்றால் பாருங்களேன். அப்புறம் அண்ணாந்து பார்த்தேன், கூரையைக் காணோம். கூரை இருக்க வேண்டிய இடத்தில் குழாய்களைக் கட்டி வரிசையாக விளக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பளிங்குத் தரை, பாய்போல் சுருட்டி எடுக்கிற விரிப்பு. ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தோட்டம் துணியில் அச்சடித்தது. பின்னாலிருக்கும் விளக்கின் நிறத்தை மாற்றினால் அந்தத் தோட்டத்தில் பொழுது விடிகிறது, மறுபடி மாற்றினால் சாய்கிறது. அலமாரிப் புத்தகங்களுக்கு முதுகு மட்டும் உண்டு, வயிறு கிடையாது. அந்த வீட்டுப் பெரியம்மா கம்பீரமாக இறங்கி வருவாரே, அந்த மாடிப்படி? மேலே இரண்டு பேர் நிற்கிற பலகை, அதோடு சரி. பெரியம்மாவாக நடிப்பவர் பின்பக்கம் ஏணியில் முனகிக்கொண்டே ஏறி, மேலே நின்று மூச்சு வாங்கிவிட்டு, பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு இறங்குகிறார். மாடியறை மாடியிலேயே இல்லை, கூடத்துக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக இருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது. அந்த வெள்ளைத் தூண்கள். அதைப் பார்த்துத்தானே கொத்தனாரை விரட்டி விரட்டி உங்கள் கூடத்தில் இரண்டு எழுப்பினீர்கள், அத்தான்கூட இன்றைக்கும் தோளை இடித்துக்கொள்கிறாரே? அதில் ஒன்றை இங்கே தச்சர் ஒருவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறு கையில் டீயோடு என்னைத் தாண்டிப் போனார். தெர்மோகோல், அக்கா.

ஏமாற்று வேலை என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சத்தியமாக வரவில்லை. ஈ புகுந்தால்கூடத் தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பெண் எங்கோ ஆணி அடித்துக்கொண்டிருந்தாள், வரட்டும் என்று கூடத்து மூலையில் கிடந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த வீட்டிலேயே நிஜமான பொருள் அது ஒன்றுதான். பயணக் களைப்பு, கண் அசந்துவிட்டேன். திடீரென்று ஒரு பெண்குரல், "இந்த வீட்ல நான் வெச்சதுதான் சட்டம்! யாரும் வாயைத் திறக்கக் கூடாது!" கண்ணைத் திறந்தால் ஒரே வெளிச்சம், என்னைச் சுற்றிச் சொந்தக்காரர்களாக ஒரு கூட்டம், நடுவில் பெரியம்மா. அந்தத் தொனியைக் கேட்டால் தலையைக் குனிந்து அசையாமல் உட்காரும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். அப்படியே உட்கார்ந்தேன். மருமகளாக நடிக்கும் பெண் விழுந்து புரண்டு அழுதாள், நானும் என்னையறியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "ஓகே!" என்று ஒரு சத்தம், எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். மானேஜர் என்னை டைரக்டர் கூப்பிட்ட ஆள் என்று நினைத்திருக்கிறார், டைரக்டர் மானேஜர் கூப்பிட்ட ஆள் என்று நினைத்திருக்கிறார்.

நேற்று எந்தக் கையில் டம்ளர் இருந்தது, கடிகாரம் எத்தனை மணி காட்டியது என்று போட்டோ எடுத்து வைத்துக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கும் ஒரு பெண் அங்கே இருக்கிறாள். அவள்தான் முதலில் அலறினாள். "ஐயோ! யாரு இந்த அங்கிள்? எல்லா ஷாட்லயும் இருக்காரு!"

டைரக்டர் தம்பி ஓடிவந்து திரையில் பார்த்தார். மறுபடி எடுக்கலாம் என்றால் மருமகள், "அந்த அழுகை இனிமே எனக்கு வராது சார்" என்று கையை விரித்துவிட்டாள். டைரக்டர் என்னைக் கும்பிட்டார். "ஐயா, இதே பஞ்சாயத்து சீன் ஒரு வாரம் போகுது. கதையில அரை மணி நேரம்தான். இந்த நாற்காலியை விட்டு நீங்க எங்கயும் போகக் கூடாது. இதே சட்டை, இதே தலை." மறுநாளே நான் முடிவெட்டிக்கொண்டு ஊர் திரும்புவதாக இருந்தேன், இரண்டும் நடக்கவில்லை. சட்டைப்பையில் நீங்கள் கட்டிக்கொடுத்த பொட்டலத்தின் எண்ணெய்க் கறை இருந்தது. துவைக்கப் போனேன். போட்டோப் பெண் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள். உங்கள் சமையலும் டிவியில் வரப்போகிறது, அக்கா.

இப்படி ஒரு வாரம் பொம்மைபோல் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாரும் நம் பெண்ணை "வீட்டுக்காரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். "வீட்டுக்காரம்மா, கேமரா போக இடமில்லை" என்று குரல் வந்தால் அவள் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்க்கிறாள், "அந்தச் சுவரை எடுங்கண்ணே" என்கிறாள், நான்கு பேர் வந்து சுவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு சுவரை இடித்ததற்காக மனிதர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தவன் நான்! சாப்பாட்டு மேஜையில் ஏன் எல்லாரும் ஒரே பக்கமாக உட்காருகிறார்கள் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பீர்களே, மறுபக்கத்தில் மூன்று கேமராவும் பத்துப் பேரும் நிற்கிறார்கள். எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் அதே சாப்பாட்டு அறையை ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டாள். நான் அங்கே போய் மருந்து வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்தேன். வந்தது, அக்கா. அதையும் யோசித்துத் தெளித்திருக்கிறாள்! "டிவியில வாசனை தெரியாதேம்மா" என்றேன். "நடிக்கிறவங்களுக்குத் தெரியுமேப்பா" என்றாள்.

பங்களாவின் சுவருக்குப் பின்பக்கம் மருமகளின் ஏழைத் தாய்வீடு. நேற்று உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தவன், சமையலறை ஸ்விட்ச்சைக் கண்டு பொங்கிவிட்டேன். என் இடுப்புக்குக்கூட வரவில்லை. "எந்த விதியில இருக்கு இது? இவ்வளவு கீழயா ஸ்விட்ச் வெப்பாங்க? நீ படிச்சதெல்லாம் தண்டமா?" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். "அம்மாதான்பா வெச்சாங்க. நம்ம பழைய வீட்ல. இருட்டுன்னா பயந்து அழுவேன்ல, எனக்கு எட்டணும்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இறக்கி வெச்சாங்களே, மறந்துட்டீங்களா?" மறந்துதான் போயிருந்தேன். அந்த வீட்டைக் காலி செய்தபோது அது இருந்த இடம்கூட எனக்கு நினைவில் இல்லை. போட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. அணைத்து அணைத்துப் போட்டேன், கனெக்ஷனைச் சோதிக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த இடத்தில் வைத்துத்தான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். "வரேன்பா. ஆனா ஒண்ணே ஒண்ணு. இது அத்தை சொல்றதா, நீங்க சொல்றதா?" என்று கேட்டாள். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றேன். அவள் சுத்தியலை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினாள். நான் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆகவே அக்கா, நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் சொல்படியே ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸில் அவளோடு வந்து இறங்குகிறேன், திங்களன்று அவள் வேலையில் சேர்ந்துவிடுவாள். அத்தானுக்கு என் வணக்கத்தையும், அவர் தோளுக்கு என் அனுதாபத்தையும் தெரிவிக்கவும். உங்கள் ஆசி என்றும் என் தலைமேல் இருக்கட்டும், கொஞ்சம் லேசாக.

என்றும் உங்கள் பேச்சைத் தட்டாத,
தம்பி

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டப் போன நேரத்தில் டைரக்டர் கூப்பிட்டுவிட்டார். எல்லாக் காட்சியிலும் மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவர் யார் என்று, எடுத்ததைப் போட்டுப் பார்த்த சேனல்காரர்கள் கேட்கிறார்களாம், அதனால் வசனகர்த்தா என்னைப் பெரியம்மாவின் தம்பி ஆக்கிவிட்டார். கதைப்படி பெரியம்மா என் மகளைத் தன் இளைய பிள்ளைக்குக் கட்டிவைக்க நினைத்து, "எப்படா உன் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வரப்போற?" என்று அதட்டுவார். நான் எழுந்து நின்று ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். தலையைக் குனிந்து உட்கார எனக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. எழுந்து நிற்கத்தான் வரவில்லை. எத்தனையோ தடவை எடுத்தார்கள், வாயில் காற்றுதான் வந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் நம் பெண் ஒரு சுவரைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்தேன். பெரியம்மா மறுபடி அதட்டினார். "அவ வரமாட்டாக்கா. அவளுக்குப் பிடிச்ச இடத்துலயே இருக்கட்டும்" என்றேன். பெரியம்மா நிஜமாகவே ஒரு அடி பின்வாங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு அந்தக் காட்சி வருகிறது, அவசியம் பாருங்கள். வசனம் எழுதியது வேறொருவர். சொன்னது நான்தான், அக்கா.