பட்டனுக்கு இரங்கல் கூட்டம்

டாம்சின் இன்றும் சாப்பிடவில்லை. தட்டிலிருந்த கொத்துக்கறியும் உருளைக்கிழங்கு மசியலும் ஆறி ஏடு கட்டிக் கிடந்தன. எட்டு வயதுப் பிள்ளை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சன்னலையே பார்த்திருந்தாள். வெளியே பார்ப்பதற்கு மழையைத் தவிர ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் யார்க்ஷையரில் பள்ளி திறந்தால் மழையும் திறந்துவிடும்.

மிஸ் ஈனிட் கார்சைட் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பகலில் சின்ன வகுப்புப் பெண்களுக்கு லத்தீனும் பூகோளமும் சொல்லித் தருவது அவள் வேலை. பள்ளி விட்டபின் மாடியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவள்தான் எல்லாம். ஐம்பதை நெருங்கியவளுக்கு மாடிக் கோடியில் இருந்த அறையே வீடு. அதை விட்டால் போக இடமில்லை.

அன்று காலைதான் தலைமையாசிரியை திருமதி ஸ்ட்ரிக்லண்ட் அவளைக் கூப்பிட்டு, "வீட்டு நெனப்புல இன்னொரு பொண்ணு பள்ளிய விட்டுப் போயிட்டாளுன்னா மாடியையே மூடிடலாம்னு நிர்வாகத்துல பேசிக்கறாங்க. உங்க காதுல போட்டு வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள்.

மிஸ் கார்சைட் டாம்சின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வயித்த வலிக்குதா?"

"இல்ல மிஸ்."

"அம்மா ஞாபகமா?"

டாம்சின் யோசித்தாள். "பட்டன் ஞாபகம்."

"யாரு பட்டன்?"

"எங்க நாய். ப்ரௌன் கலரு. ஒரு காது மடிஞ்சிருக்கும். நான் இல்லாம என்ன பண்றானோ."

அரைப்பருவ விடுமுறை வரை வீட்டோடு தொலைபேசிப் பேச்சு கூடாது என்பது பள்ளியின் விதி. குரலைக் கேட்டால் அழுகை கூடும் என்பது திருமதி ஸ்ட்ரிக்லண்டின் தீர்மானம். மிஸ் கார்சைட் விதியை மீறியவளும் இல்லை, பொய் சொல்லிப் பழகியவளும் இல்லை. அதனாலோ என்னவோ, முதல் பொய் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"நேத்து உங்கம்மாகிட்ட பேசினேன். பட்டன் நல்லா இருக்கான். உன் கட்டிலுக்குக் கீழதான் படுத்துக்கறானாம்."

டாம்சின் அவளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு முள்கரண்டியை எடுத்தாள்.

மறுநாள் காலை கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் கேள்வி தயாராக இருந்தது. "இன்னைக்கு என்ன பண்ணானாம் மிஸ்?"

இன்றைக்குத் தபால்காரரைத் துரத்தினான். அடுத்த நாள் குளத்தில் நீந்தினான். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பூனையோடு சமாதானம் ஆனான். மிஸ் கார்சைட் வாழ்க்கையில் நாய் வளர்த்ததில்லை. ஆனாலும் பட்டன் அவள் கையில் நன்றாக வளர்ந்தான். மேசையிலிருந்த மற்ற பிள்ளைகளும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து கேட்டார்கள். கிண்ணங்கள் காலியாயின.

ஒருநாள் டாம்சின் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் ரொம்ப சந்தோஷமா இருக்கான்."

"ஆமா."

"என்னை மறந்துட்டான்."

கண்ணீர் கஞ்சியில் சொட்டியது. மிஸ் கார்சைட் பதறிப்போய் பட்டனின் சந்தோஷத்தை அன்று மாலையே குறைத்தாள். "உன்னை நெனச்சு ஏங்கறானாம். ரெண்டு வேளையா சாப்பிடல."

"அப்ப எனக்கும் வேண்டாம்," என்றாள் டாம்சின்.

"பட்டன் சாப்பிடலன்னா நாங்களும் சாப்பிட மாட்டோம்," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த ஹாரியட். அவள் பகலில் இரண்டு தட்டு புட்டிங் சாப்பிடுகிறவள். மேசை முழுவதும் கரண்டிகள் கீழே இறங்கின. ஒருத்தி தன் முயலுக்காக அழுதாள். இன்னொருத்தி, வீட்டில் எந்தப் பிராணியும் இல்லாதவள், அதற்காகவே அழுதாள்.

தட்டுகள் தொடாமலே சமையலறைக்குத் திரும்பிய செய்தி திருமதி ஸ்ட்ரிக்லண்டுக்கு எட்டியது. அவள் மிஸ் கார்சைடைத் தன் அறைக்கு அழைத்தாள். அங்கே கணப்புக்கு முன்னால் அவளுடைய மூன்று நாய்கள் படுத்திருந்தன. பிள்ளைகளைப் பற்றித் திருமதி ஸ்ட்ரிக்லண்டுக்குக் கொள்கைகள் இருந்தன. நாய்களிடம் மட்டும் பாசம் இருந்தது.

"நாய் சாப்பிடலையாமே. எத்தனை வயசு?"

"தெரியலைங்க மேடம்."

"எலும்புச் சாறு குடுத்தாங்களா? வயித்துல பூச்சியா இருக்கும். இருங்க, அந்தம்மாவுக்கு நானே போன் பண்றேன்."

"விடுமுறை வரைக்கும் போன் கூடாதுன்னு..."

"அது பிள்ளைங்களுக்கு. நாய்க்கு உடம்பு சரியில்லன்னா விதியெல்லாம் பாக்க முடியாது."

அவள் கை தொலைபேசியைத் தூக்கியது. எண்ணைச் சுழற்றத் தொடங்கியது. மிஸ் கார்சைடின் கண்முன் மாடி அறையும் அதன் சிறிய கட்டிலும் வந்து போயின.

"வேண்டாம் மேடம். அது போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"போயே போயிடுச்சு. இன்னைக்குக் காலைல."

திருமதி ஸ்ட்ரிக்லண்ட் தொலைபேசியை மெதுவாக வைத்தாள். கீழே கிடந்த நாய் ஒன்றின் தலையைத் தடவினாள். "பாவம்," என்றாள். "பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க."

மிஸ் கார்சைட் மாடிக்கு ஏறினாள். கொலை செய்துவிட்டுப் படியேறுகிறவளுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. டாம்சின் கட்டிலில் காலுறை மாற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்ல நினைத்து, வளைத்து வளைத்துச் சொல்லி முடித்தாள்.

டாம்சின் ஒற்றைக் காலுறையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "வலிச்சுதா மிஸ் அவனுக்கு?"

"இல்லம்மா. தூக்கத்துலேயே."

பிள்ளை எழுந்துவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மிஸ் கார்சைடை யாரும் அப்படிக் கட்டிப் பிடித்து வருடக்கணக்கில் ஆயிற்று. கைகளை எங்கே வைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அன்றிரவு டாம்சின் இரண்டு தட்டு சாப்பிட்டாள். இத்தோடு முடிந்தது என்று மிஸ் கார்சைட் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். ஆனால் மறுநாள் காலைப் பிரார்த்தனையில் திருமதி ஸ்ட்ரிக்லண்ட் எழுந்து நின்று, வெள்ளிக்கிழமை பட்டனுக்கு இரங்கல் கூட்டம் என்று அறிவித்தாள்.

ஓவிய ஆசிரியை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் மடிந்த காதுள்ள பழுப்பு நாய் வரைய வைத்தாள். பாடகர் குழு இரண்டு துதிப்பாடல்களைப் பழகியது. ஆடுகளத்தின் ஓரத்தில் ஆப்பிள் கன்று நட மழையிலேயே குழி வெட்டினார்கள். குழி நிறையத் தண்ணீர். கன்று மிதந்தது. நாயைத் தினமும் விசாரித்து வந்தவர் என்ற முறையில் மிஸ் கார்சைட்தான் இரங்கல் உரை ஆற்ற வேண்டும் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை அவள் குடையின் கீழ் நின்று, இல்லாததும் பொல்லாததுமாய் ஒரு நாயின் நற்குணங்களைப் பேசினாள். தபால்காரரைச் சொன்னாள். குளத்தைச் சொன்னாள். பூனையைச் சொன்னாள். அப்பா இறந்தபோதுகூட விடுப்பு எடுக்காமல் பாடம் நடத்தியவள், இப்போது எல்லார் முன்னாலும் விசும்பினாள். டாம்சின் வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க மிஸ். நான் இருக்கேன்ல."

அந்த நிமிடம்தான் மிஸ் கார்சைடுக்கு இனி தாங்காது என்று தோன்றியது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளை கதவைத் திறப்பாள். செத்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். மாடி பறிபோவது ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பிள்ளை இனிமேல் எந்தப் பெரியவர் பேச்சை நம்பும்?

விடுமுறை நாள் வந்தது. முற்றத்தில் கார்கள் சேற்றைக் கிளறிக்கொண்டு நின்றன. வாசல் கூடத்தில் திருமதி ஸ்ட்ரிக்லண்ட் கறுப்புக் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள், துக்கம் விசாரிக்கத்தான். டாம்சின் தொப்பியைத் தேடி மாடிக்குப் போயிருந்தாள். அவர்கள் இருவரும் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். மிஸ் கார்சைட் குடைகூட எடுக்காமல் ஓடினாள்.

நீலக் காரின் கண்ணாடி இறங்கியது. டாம்சினின் அம்மா சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தாள். பின் இருக்கையில் டாம்சினின் தங்கை கிட்டி மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தாள்.

"நான் விடுதி மிஸ் கார்சைட். உங்ககிட்ட ஒரு தப்ப ஒத்துக்கணும்."

"நனையறீங்களே, சொல்லுங்க."

"டாம்சின் சாப்பிடணும்னு தினமும் பொய் சொன்னேன். உங்ககிட்ட பேசினேன்னு சொன்னேன். கடைசில வேற வழி தெரியாம உங்க நாய் செத்துடுச்சுன்னும் சொல்லிட்டேன். பள்ளிக்கூடமே துக்கம் அனுசரிச்சிடுச்சு. என்னை வேலைய விட்டுத் தூக்கச் சொல்லுங்க, பரவாயில்ல. பிள்ளைகிட்ட மட்டும் நானே உண்மைய சொல்லிக்கறேன்."

மூச்சு வாங்கியது. மழை அவள் மூக்குக் கண்ணாடியில் வழிந்தது. அந்த அம்மா சிகரெட்டை மறந்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"எந்த நாய்? நாங்க நாயே வளக்கறதில்லையே."

பின் இருக்கையிலிருந்து கிட்டி மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"பட்டன்மா. போன ஸ்கூல்லகூட செத்துச்சே, அந்த நாய்."