பிடுங்க வயர் இல்லை

பயந்த சுபாவமுள்ள ஒருத்தியின் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுக்கக் கூடாது. மற்றவர்கள் ஒரு திருகாணி போடும் இடத்தில் அவள் ஆறு போடுவாள். மேலே டேப் ஒட்டுவாள். ஒட்டியது போதுமா என்று உட்கார்ந்து யோசிப்பாள். அந்த ஒருத்தி நான்தான்.

பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு மருமகளாக வந்தவள் நான். எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்கிறேன். (மகள் ஆலியா பிறந்தபின் அந்தப் படிப்பு டிவி ரிமோட்டுக்கு பாட்டரி மாற்றத்தான் உதவியது.) அவளுக்கு ஐந்து வயதானபோது, கொச்சங்காடியில் எங்கள் தெருச் சங்கத்தின் ஓண விழாவில் முதன்முதலாகப் பாடப்போவதாக முடிவாயிற்று. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த விழாவில் ஒவ்வொரு வருஷமும் நடுவில் கரண்ட் போகும். என் குழந்தை வாயைத் திறக்கும் நேரத்தில் போனால்?

இந்த முறை வாடகை மைக்செட் வேண்டாம், பாட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி நானே செய்கிறேன் என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். பழைய ஆம்ப்ளிஃபையர்கள் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாக்கியே தீர்த்துவிடும். நான் வாங்கியது கிளாஸ் டி வகை. உள்ளங்கையளவு பலகை; தொட்டால் வெதுவெதுப்புகூட இருக்காது; கிடைப்பதையெல்லாம் சத்தமாக்கிவிடும். ஸ்பீக்கரையும் குறைந்த மின்சாரத்தில் உரக்கக் கேட்கும் ரகமாகத் தேடி வாங்கினேன். சின்ன லித்தியம் பாட்டரி ஒன்றே போதும் என்றது கணக்கு. கணக்கை நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னொன்று சேர்த்தேன். அதுவும் மக்கர் பண்ணினால் என்று மூன்றாவது.

கடைசியாக, பிள்ளைகள் தொட்டு விளையாடுவார்களே என்று ஸ்விட்ச், வால்யூம் குமிழ் எல்லாவற்றையும் பெட்டிக்குள்ளேயே வைத்து, விழாவன்று காலையில் ஸ்விட்சைப் போட்டு மூடித் திருகாணிகளை முடுக்கினேன். டேப்பும் ஒட்டினேன்.

கையில் தூக்கிப் போகலாம் என்று தொடங்கிய பெட்டியை இப்போது என்னால் தூக்க முடியவில்லை. ஆலியாவின் பழைய தள்ளுவண்டியில் வைத்து, வெயில் படாமல் துண்டு போர்த்தித் தள்ளிக்கொண்டு போனேன். மசாலாக் கிடங்கு வாசலில் நின்ற ஒரு சேச்சி ஆசையாகக் குனிந்தார்.

“மோனோ, மோளோ?”

ஆணா பெண்ணா என்று கேட்கிறார். “ஸ்பீக்கர்” என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

விழாவில் முதலில் பிரசிடெண்ட் உரை, அடுத்து ஆலியா பாட்டு, பிறகு ஓண விருந்து. பிரசிடெண்ட் ஹம்சாக்கா (அக்கா இல்லை; ‘இக்கா’ என்றால் இங்கே அண்ணன்) நல்ல மனிதர். ஆனால், “ஒரு காரியம் கூடி பறயட்டே” என்பார். இன்னும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அந்த ஒன்றுக்கு முடிவே கிடையாது. கம்பியில்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு, தெருக் கால்வாயில் ஆரம்பித்து, கொசுவைத் தொட்டு, தன் சின்ன வயதுக் கால்வாய்க்குப் போனார். பட்டுப்பாவாடையில் நின்ற ஆலியா, “அம்மா, இப்பவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாயச வாசனை வந்தது.

என் மாமியார் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். “மோளே, பிடுங்கு.”

“எத மாமி?”

“வயரத்தான். எல்லா வருசமும் நாங்கதான பிடுங்குறோம்? கரண்ட் போச்சுன்னு சொன்னா அவருக்கும் மனசு நோகாது.”

கரண்ட் ஏன் எப்போதும் ஹம்சாக்கா பேசும்போதே போனது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“இதுக்கு வயரே இல்ல மாமி. பாட்டரி.”

“செரி, ஸ்விட்ச ஆஃப் பண்ணு.”

“அது உள்ள இருக்கு.”

“எதுக்குள்ள?”

“பெட்டிக்குள்ள. புள்ளைங்க தொட்டுரக் கூடாதேன்னு…”

மாமி பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இது எப்பத்தான் தீரும்?”

“நாளைக்கு ராத்திரி வரைக்கும் ஓடும்.” (அந்த நிலையிலும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.)

என் கணவர் வீட்டுக்கு ஓடிப்போய் ஸ்குரூ டிரைவர் கொண்டுவந்தார்.

“இது மைனஸ். பெட்டியில இருக்குறது பிளஸ் ஸ்குரூங்க.”

“நாக்கு தள்ள ஓடி வந்திருக்கேன், பிளஸ் மைனஸ் பேசுறா பாரு!”

பந்தி போட்டாயிற்று. முதலில் பின்வரிசை எழுந்தது, பிறகு நடுவரிசை. கடைசியில் மாமியும் கணவரும்கூட நழுவினார்கள். காலி நாற்காலிகளுக்கு எதிரே ஹம்சாக்கா, ஆலியா, நான், பெட்டி. பெட்டி மட்டும் சோர்வே இல்லாமல் இருந்தது.

ஹம்சாக்காவுக்குத் தொண்டை கட்டியது. “இனி நம்மட மோள் பாடட்டே” என்று மைக்கை ஆலியாவிடம் கொடுத்துவிட்டு, தானே இறங்கிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

ஆலியா பாடினாள். நடுவில் ஒரு வரி மறந்தது. தடுக்க யாரும் இல்லாததால் முதலிலிருந்து பாடினாள். ஹம்சாக்கா இரண்டையும் முழுதாகக் கேட்டுக் கைதட்டினார். பந்தியில் இருந்தவர்களுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டதாம். வலக்கையில் சோறு இருந்ததால் இடக்கையால் மேஜையைத் தட்டினார்களாம்.

ஹம்சாக்கா என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. “மோளே, எத்தர வருசமா நான் பேசுறேன்! கரண்ட் போகாம முழுசாப் பேசினது இன்னைக்குத்தான். இனி எல்லா வருசமும் இந்தப் பெட்டி மதி.” இதுவே போதுமாம். நான் திருகாணிகளைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

பெட்டியின் வெளியே இப்போது பெரிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறது. அதன் பக்கத்து நாற்காலியை மாமி யாருக்கும் விடுவதில்லை. வீட்டில் நான், குடை எடுத்தியா, தண்ணி குடிச்சியா, மெதுவா போ என்று ஆரம்பித்தால், ஆலியா என் முதுகுப் பக்கம் போய்த் தேடுகிறாள்.

“அத்தா, அம்மாவுக்கும் ஸ்விட்ச் உள்ளதான் இருக்கு.”

“பாட்டரியும் மூணு” என்கிறார் என் கணவர்.